விண்டோஸ் 10 சப்போர்ட் முடிந்தது: கடையில் இருக்கும் மூன்று மெஷினையும் மாற்ற வேண்டுமா?

தங்கச்சிமடத்தில் ஜெராக்ஸ், டிடிபி கடை நடத்தும் தம்பி ஒருவர் கேட்ட கேள்வி இது. கடையில் மூன்று மெஷின் இருக்கிறது. ஒன்று, நான்காம் தலைமுறை கோர் ஐ3 டெஸ்க்டாப். விண்டோஸ் 10 ஓடுகிறது. ஆன்லைன் விண்ணப்பம், பேங்க், டாலி என்ற கணக்கு சாஃப்ட்வேர் எல்லாம் அதில்தான். இரண்டாவது, விண்டோஸ் 7. பேஜ்மேக்கரில் கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி அடிப்பதற்கென்றே வைத்திருப்பது. மூன்றாவது, தங்கை பள்ளிக்கூடத்தில் வாங்கிய அரசு லேப்டாப். அதிலும் யாரோ விண்டோஸ் 10 ஏற்றிக் கொடுத்திருக்கிறார்கள். இப்போது திரையில் "சப்போர்ட் முடிந்துவிட்டது" என்று வருகிறதாம். ராமநாதபுரத்தில் விசாரித்தால் மூன்றையும் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்கு என்கிறார்களாம். என்ன செய்வது?

மூன்றையும் மாற்ற வேண்டாம் தம்பி. ஒன்றை மட்டும் மாற்றுங்கள். ஆனால் நீங்கள் நினைக்கிற ஒன்று அல்ல. விண்டோஸ் 7-தான் இருப்பதிலேயே பழசு, அதைத்தான் முதலில் மாற்றச் சொல்வேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். மாற்ற வேண்டியது பணம் புழங்குகிற அந்த ஐ3. ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

முதலில், சப்போர்ட் முடிந்தால் மெஷின் நின்றுவிடாது. 2015 ஜூலை 29-இல் வெளிவந்த விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-உடன் இலவச அப்டேட் முடிந்தது, அவ்வளவுதான். மறுநாள் காலையிலும் அது எழுந்தது, பிரிண்ட் எடுத்தது, டாலி திறந்தது. அதனால்தான் நம் பக்கம் பலர் "ஒன்றும் ஆகவில்லையே" என்று அப்படியே விட்டுவிட்டார்கள். நடப்பது கண்ணுக்குத் தெரியாத காரியம்.

மைக்ரோசாஃப்ட் மாதாமாதம் இரண்டாவது செவ்வாய்க்கிழமை பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்கும் அப்டேட்டுகளை வெளியிடும். அவர்களுக்குக் காலை பத்து மணி, நமக்கு இரவு பத்தரை, குளிர்காலமென்றால் பதினொன்றரை. நாம் புதன்கிழமை காலை கடை திறந்து மெஷினைப் போடும்போது அது வந்து நிற்கும். இப்போது விண்டோஸ் 11-க்கு வருகிறது, 10-க்குப் பணமோ பதிவோ இல்லாமல் வராது.

இங்கேதான் பலரும் கவனிக்காத இடம். ஒரே அச்சில் வார்த்த ஃபைபர் படகுகளை நினைத்துப் பாருங்கள். நூறு படகு ஒரே அச்சு. புதுப் படகுகளை வாங்கியவர்களுக்கு மட்டும் கம்பெனிக்காரர் சொல்கிறார்: "பின்பக்கம் இன்ன இடத்தில் கீறல் விடுகிறது, கொண்டுவாருங்கள், ரெசின் போட்டு அடைத்துத் தருகிறோம்." அந்த அறிவிப்பு ஊருக்கே கேட்கிறது. உங்கள் பழைய படகும் அதே அச்சுதான், கீறலும் அதே இடத்தில்தான். அடைக்க ஆள் இல்லை, ஆனால் எங்கே இடித்தால் உடையும் என்பது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. விண்டோஸ் 10-க்கும் 11-க்கும் உள்ளே பெரும்பகுதி ஒரே சரக்கு. 11-க்கு அப்டேட் வந்ததும் அதைப் பிரித்து, பழையதையும் புதியதையும் ஒப்பிட்டு, எந்த வரி மாறியிருக்கிறது என்று பார்ப்பதையே தொழிலாக வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். மாறிய இடம்தான் ஓட்டை. அதனால் அப்டேட் நின்ற மெஷின் முதல் நாள் ஆபத்தில் இல்லை. ஒவ்வொரு மாதமும் ஓட்டைகளின் பட்டியல் கொஞ்சம் கொஞ்சமாக நீள்கிறது. முதல் மாதம் ஒன்றும் ஆகவில்லை என்பதை வைத்து ஆறாம் மாதத்தைக் கணக்குப் போட முடியாது.

இது கற்பனை இல்லை. 2017 மே 12-ஆம் தேதி வான்னாக்ரை என்ற நச்சு நிரல் உலகம் முழுக்கப் பரவியது. யாரும் எதையும் கிளிக் செய்யத் தேவையில்லை. ஒரே நெட்வொர்க்கில் ஒரு மெஷின் மாட்டினால் பக்கத்து மெஷினுக்குத் தானாகத் தாவியது. ஃபைல்களை எல்லாம் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது. இங்கிலாந்தில் அரசு மருத்துவமனைகளில் ஆபரேஷன்களைத் தள்ளிவைக்க வேண்டிவந்தது. அந்த ஓட்டைக்கான அப்டேட் மார்ச் 14-ஆம் தேதியே வந்துவிட்டது, இரண்டு மாதம் முன்னாலேயே! மாட்டியதில் மிகப் பெரும்பாலானவை விண்டோஸ் 7. அப்போது அதற்கு சப்போர்ட் இருந்தது, மருந்து வீட்டிலேயே இருந்தது, குடிக்கவில்லை. 2014 ஏப்ரல் 8-உடன் கைவிட்ட எக்ஸ்பி-க்குக்கூட அந்த வாரம் மைக்ரோசாஃப்ட் அவசர அப்டேட் கொடுத்தது. அப்படி எப்போதாவது நடக்கும். அதை நம்பிக் கடை நடத்த முடியாது.

மருந்து குடிக்காத கதையை நானே பார்த்திருக்கிறேன். மண்டபம் பக்கம் ஒரு ஐஸ் கம்பெனி. கணக்கு மெஷினில் அப்டேட்டை ஒரு டெக்னீஷியன் அணைத்து வைத்திருந்தார், "நெட் டேட்டா தீருது" என்று. அந்தக் காலத்து நெட் டாங்கிளுக்கு அது நியாயமான கவலைதான், குறை சொல்ல முடியாது. அதோடு கணக்கர் வீட்டிலிருந்து டாலி பார்ப்பதற்காக, தூரத்திலிருந்தே மெஷினை இயக்கும் ரிமோட் டெஸ்க்டாப்பை ரவுட்டரில் திறந்துவிட்டிருந்தார்கள். பாஸ்வேர்டு கம்பெனி பெயரும் 123-உம். ஒரு திங்கட்கிழமை காலையில் போய்த் திறந்தால் டாலி ஃபோல்டரில் உள்ள எல்லா ஃபைலும் பூட்டப்பட்டு, பெயரின் வால் மாறிக் கிடக்கிறது, கூடவே பணம் கேட்டு ஒரு கடிதம். எந்தச் சம்மாட்டிக்கு (படகு முதலாளிக்கு) எவ்வளவு முன்பணம், எந்தப் படகுக்கு எத்தனை பார் ஐஸ் கடன், எல்லாம் அதில்தான் இருந்தது. மீன்பிடித் தடைக்காலத்தில் எடுத்து வைத்த ஒரு பென்டிரைவ் பேக்கப் கிடைத்ததால் பாதியாவது மீண்டது. மீதியைச் சம்மாட்டிகளிடமே கேட்டு எழுதினார்கள். யார் என்ன சொன்னார்கள் என்பதை உங்கள் யூகத்துக்கே விடுகிறேன்.

சரி, உங்கள் மெஷின்களுக்கு வருவோம்.

ஐ3 டெஸ்க்டாப். விண்டோஸ் 11-க்கு இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறையோ அதற்கு மேலோ, டிபிஎம் 2.0 (பாதுகாப்புச் சாவிகளை வைக்கும் சிப்), செக்யூர் பூட் (மெஷின் எழும்போது சரிபார்க்கும் வசதி), 4 ஜிபி ராம், 64 ஜிபி இடம் வேண்டும். நான்காம் தலைமுறை அந்தப் பட்டியலில் கிடையாது. யாராவது "நான் பைபாஸ் பண்ணி 11 போட்டுத் தருகிறேன்" என்பார்கள். போட முடியும், ஓடவும் ஓடும். ஆனால் அப்படி ஏற்றிய மெஷினுக்கு அப்டேட் வரும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி தருவதில்லை, வருடாந்திரப் பெரிய பதிப்பு வரும்போது மறுபடி அவரையே தேடிப் போக வேண்டும். அப்டேட்டுக்காகத்தான் இவ்வளவு பாடும். அதற்கே உறுதியில்லாத வழி பணம் புழங்குகிற மெஷினுக்கு எதற்கு? வீட்டில் ஆசைக்குச் செய்து பாருங்கள், வேண்டாம் என்று சொல்ல மாட்டேன்.

(இதைப் படிக்கிற மற்றவர்களுக்கு ஒன்று. உங்களிடம் இருப்பது எட்டாம் தலைமுறையோ அதற்கு மேலோ என்றால், "உங்கள் மெஷினுக்கு 11 ஏறாது" என்று கடைக்காரர் சொன்னவுடன் நம்பிவிடாதீர்கள். பல அசெம்பிள் செய்த மெஷின்களில் டிபிஎம் இருக்கிறது, பயாஸ் என்ற அடிப்படை செட்டிங்ஸில் அணைந்து கிடக்கிறது. இன்டெலில் பிடிடி என்றும் ஏஎம்டியில் எஃப்டிபிஎம் என்றும் பெயர் இருக்கும். அதை ஆன் செய்துவிட்டு மைக்ரோசாஃப்ட்டின் பிசி ஹெல்த் செக் ஓட்டிப் பாருங்கள். ஐந்து நிமிட வேலைக்குப் புது மெஷின் வாங்கியவர்கள் இருக்கிறார்கள்.)

அடுத்த வழி, ஈஎஸ்யு எனப்படும் நீட்டிப்பு அப்டேட். இதில் இரண்டு வகை உண்டு. இரண்டையும் குழப்பிச் சொல்லிவிடுகிறார்கள். வீட்டு உபயோகத்துக்கானது 2026 அக்டோபர் 13 வரை. மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து செட்டிங்ஸை அதோடு ஒத்திசைத்தால் இலவசம். இல்லையென்றால் மைக்ரோசாஃப்ட் ரிவார்ட்ஸ் புள்ளி 1000, அல்லது 30 டாலர். ஒரு கணக்கில் பத்து மெஷின் வரை சேர்க்கலாம். மெஷின் விண்டோஸ் 10-இன் கடைசிப் பதிப்பான 22எச்2-இல் இருக்க வேண்டும். விண்டோஸ் அப்டேட் பக்கத்திலேயே சேருவதற்கான இணைப்பு வந்திருக்கும். நீட்டிப்பில் வருவது பாதுகாப்பு அப்டேட் மட்டும்தான், புது வசதி ஒன்றும் வராது. நமக்கு அதுவே போதும்.

ஆனால் இது வீட்டுக்கு என்று சொன்னேனே. தொழிலுக்கான திட்டம் வேறு. ஒரு மெஷினுக்கு முதல் வருடம் 61 டாலர், இரண்டாம் வருடம் அதன் இரட்டிப்பு, மூன்றாம் வருடம் அதற்கும் இரட்டிப்பு. மூன்று வருடத்துக்கு 427 டாலர். நடுவில் சேர்ந்தால் விட்டுப்போன வருடத்துக்கும் சேர்த்துக் கட்ட வேண்டும். பத்து வருடத்துக்கு மேல் ஓடிய ஒரு ஐ3-க்கு இதைக் கொடுப்பது எனக்கு ஏற்பில்லை. அதுவும் நம் ஊரில். பாம்பன், தங்கச்சிமடம் காற்றில் உப்பு எப்படி என்று உங்களுக்குத் தெரியும். கேபினெட்டைத் திறந்தால் திருகெல்லாம் துருப்பிடித்திருக்கும், மாதம் ஒருமுறை ராமைக் கழற்றி ரப்பர் வைத்துத் தேய்த்தால்தான் டிஸ்ப்ளே வரும். மதுரைக்காரர் இன்னும் மூன்று வருடம் ஓட்டலாம் என்று கணக்குப் போடலாம். நம் கணக்கில் மதர்போர்டு அதற்கு முன்னால் போய்விடும்.

ஆகவே பணம் செலவழிக்க வேண்டிய ஒரே இடம் இதுதான். அதிலும் புதிதாகவே வாங்க வேண்டுமென்று இல்லை. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டிலும் மதுரையிலும் கம்பெனிகள் கழித்துக்கட்டிய டெல், எச்பி சின்ன டெஸ்க்டாப்புகள் புதுப்பித்து விற்கிறார்கள். எட்டாம் தலைமுறையா என்று மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள். இன்டெலில் ஐ3, ஐ5 என்ற எழுத்தை அடுத்து வரும் எண் 8, 9 என்றோ 10, 11, 12 என்றோ தொடங்க வேண்டும். 8100 சரி, 7100 கூடாது, 4130 வேண்டவே வேண்டாம். விற்பவர் "ஐ7 சார்" என்று பெருமையாகச் சொல்வார். நான்காம் தலைமுறை ஐ7-ஐவிட எட்டாம் தலைமுறை ஐ3 நமக்கு உதவும். 8 ஜிபி ராம், எஸ்எஸ்டி இருக்கட்டும். முறையான லைசென்ஸ் விண்டோஸ் உள்ளதா என்று ஆக்டிவேஷன் பக்கத்தைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். கிராக் போட்ட விண்டோஸில் பேங்க் வேலை பார்ப்பது, வீட்டுச் சாவியை முன்பின் தெரியாதவரிடம் செய்யக் கொடுத்தது மாதிரி. ஆக்டிவேட் செய்கிற அந்தச் சின்ன சாஃப்ட்வேரே ஆன்டிவைரஸை அணைக்கச் சொல்லித்தான் உள்ளே நுழைகிறது.

வாங்குவதற்கு முன் உங்கள் கைரேகைக் கருவி, டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் இரண்டுக்கும் விண்டோஸ் 11 டிரைவர் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். டோக்கன் வேலை செய்யவில்லை என்றால் அன்றைக்குக் கடையில் சண்டைதான்.

விண்டோஸ் 7 மெஷின். 2020 ஜனவரி 14-இலேயே இதன் பொது சப்போர்ட் முடிந்தது. பணம் கட்டியவர்களுக்கான நீட்டிப்பும் 2023 ஜனவரி 10-உடன் போயிற்று. குரோம் 109-க்கு மேல் இதில் ஏறாது. அதனால் இதில் நெட் பார்ப்பதற்கு அர்த்தமே இல்லை. ஆனால் பேஜ்மேக்கரும், அதற்கென்று பல வருடம் சேர்த்த பத்திரிகை டிசைனும், யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களும் இதில்தான் ஒழுங்காக ஓடுகின்றன. அதைத் தூக்கிப் போடச் சொல்கிறவர் டிடிபி தொழில் தெரியாதவர்.

இதற்கு வைத்தியம் இலவசம்: நெட் கேபிளைப் பிடுங்குங்கள். பிடுங்கி வைத்தால் கடைப் பையன் மறுபடி சொருகுவான், அதனால் டிவைஸ் மேனேஜரில் நெட்வொர்க் கார்டையே முடக்கிவிடுங்கள், வைஃபை டாங்கிள் இருந்தால் கழற்றி உங்கள் மேஜை டிராயரில் போடுங்கள். உள்ளூர் நெட்வொர்க்கிலும் வேண்டாம். வான்னாக்ரை வந்த வழி அதுதான். பழைய ஜெராக்ஸ் மெஷினிலிருந்து ஸ்கேன் நேரே ஃபோல்டருக்குப் போவதற்காக எஸ்எம்பி 1 என்ற பழைய பகிர்வு முறையைப் பல கடைகளில் இன்னும் திறந்து வைத்திருக்கிறார்கள். உங்கள் மற்ற மெஷின்களில் அது இருந்தால் அணைத்துவிட்டு, ஸ்கேனைப் பென்டிரைவுக்கு எடுங்கள்.

நெட் இல்லாத மெஷினுக்கு மிச்சம் இருக்கிற ஒரே வாசல் பென்டிரைவ். வாடிக்கையாளர் கொண்டுவரும் பென்டிரைவ் எதுவும் இதில் நேரே நுழையக் கூடாது. புது மெஷினில் போட்டு, ஸ்கேன் செய்து, வேண்டிய ஃபைலை மட்டும் கடையின் சொந்தப் பென்டிரைவில் எடுத்து இங்கே கொண்டுவாருங்கள். கோடு போட்ட சிவப்பு பென்டிரைவ் ஒன்றை இதற்கென்றே கயிறு கட்டித் தொங்கவிடுங்கள். சிரிப்பாக இருக்கும், ஆனால் வேலை செய்கிற பையனுக்கு விதிமுறையைவிடக் கயிறுதான் நினைவிருக்கும். இந்த மெஷின் ஒருநாள் உப்புக்காற்றில் போகும்போது, புது மெஷினுக்குள் விர்ச்சுவல்பாக்ஸ் (மெஷினுக்குள் இன்னொரு மெஷினை ஓட்டும் சாஃப்ட்வேர்) போட்டு, அதற்குள் விண்டோஸ் 7-ஐயும் பேஜ்மேக்கரையும் நெட் இல்லாமல் ஓட்டலாம். அதற்கு இப்போதே ஃபான்ட் ஃபோல்டரையும் டிசைன்களையும் காப்பி எடுத்து வையுங்கள். ஃபான்ட் போனால் பேஜ்மேக்கரின் பி.எம்.டி ஃபைல் இருந்தும் பிரயோசனமில்லை.

மூன்றாவது, அரசு லேப்டாப். 2011-இல் அந்தத் திட்டம் தொடங்கியபோது வந்த லேப்டாப்புகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் (விண்டோஸுக்குப் பதிலான இலவச இயங்குதளம்) சேர்த்தே ஏற்றித் தந்தார்கள். மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சென்னை சி-டாக் செய்தது. பெரும்பாலோர் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. இப்போது அந்தப் பக்கம்தான் போக வேண்டும். தங்கை படிப்பதற்கும், யூடியூப் பார்ப்பதற்கும், கடிதம் அடிப்பதற்கும் லினக்ஸ் மின்ட் போதும். 22-ஆம் பதிப்புக்கு 2029 ஏப்ரல் வரை அப்டேட் உண்டு, காசு கிடையாது. அதில் எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான வகையை எடுங்கள். ராம் 2 ஜிபி என்றால் முக்கும், 4 ஆக்கிக்கொள்ளுங்கள். ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி ஒரு சின்ன எஸ்எஸ்டி போட்டால் புது லேப்டாப் மாதிரி எழும். தமிழ் 99 விசைப்பலகையும் உள்ளே இருக்கிறது, ஐபஸ் என்ற தட்டச்சு அமைப்பில் எம்17என் என்ற தொகுப்பைச் சேர்த்தால் வந்துவிடும். முதலில் பென்டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்த்து, வைஃபையும் சவுண்டும் வேலை செய்தால் மட்டும் ஏற்றுங்கள். லேப்டாப்பில் உள்ள போட்டோவை எல்லாம் முன்னாலேயே எடுத்து வைத்துவிடுங்கள், ஏற்றும்போது அழியும்.

லினக்ஸ் பிடிக்கவில்லை, தங்கைக்கு விண்டோஸ்தான் வேண்டும் என்றால், இது வீட்டு மெஷின், அதனால் மேலே சொன்ன இலவச நீட்டிப்பில் சேர்த்துவிடுங்கள். 2026 அக்டோபர் வரை மூச்சு விடலாம்.

கடைக்கு லினக்ஸ் போடலாமே என்று சிலர் ஆர்வத்தில் சொல்வார்கள். நானும் லினக்ஸ்காரன்தான், இருந்தாலும் சொல்கிறேன், உங்கள் முன்மேஜைக்கு வேண்டாம். டாலி, டோக்கன், கைரேகைக் கருவி எல்லாம் விண்டோஸை எதிர்பார்ப்பவை. கூட்டம் நிற்கும்போது அதோடு மல்லுக்கட்ட முடியாது.

பழைய ஐ3-ஐ என்ன செய்வது என்று கேட்பீர்கள். அதற்கும் மின்ட் போட்டு, வாடிக்கையாளர் வாட்ஸ்அப்பில் அனுப்பும் ஃபைலைத் திறப்பதற்கும் பார்ப்பதற்கும் மட்டும் வையுங்கள். யாரோ அனுப்பும் ஃபைலைத் திறக்கிற மெஷினும், பேங்க் பாஸ்வேர்டு அடிக்கிற மெஷினும் வேறுவேறாக இருப்பது உங்கள் மாதிரிக் கடைக்கு எந்த ஆன்டிவைரஸைவிடவும் மேல். ஒவ்வொரு நாளும் கடை மூடும்போது அதில் சேர்ந்த ஆதார், பாஸ்போர்ட் காப்பிகளை அழித்துவிடுங்கள். டெஸ்க்டாப் நிறைய ஊர்க்காரர் ஆதார் கிடக்கிற கடைகளைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

பேக்கப்புக்கு ஒரு எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க் வாங்கி, வாரம் ஒருநாள் டாலி டேட்டாவையும் டிசைன்களையும் எடுத்துவிட்டு, உடனே கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோங்கள். சொருகியே வைத்திருந்தால் பூட்டுகிறவன் அதையும் சேர்த்துப் பூட்டுவான். தப்பித்தவறி பணம் போய்விட்டால் யோசித்துக்கொண்டு நிற்காமல் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அடியுங்கள், எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் போன பணத்தை நடுவில் நிறுத்த வாய்ப்பு.

எப்போது செய்வது? ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகெல்லாம் கரையேறி, பலகை இடுக்கில் பஞ்சு திணித்து, பெயின்ட் அடித்துக்கொண்டிருப்பார்கள். அந்த 61 நாளில் கடையிலும் கூட்டம் குறையும். மெஷின் மாற்றுகிற வேலையை அப்போது வைத்துக்கொள்ளுங்கள். நெட் கேபிளைப் பிடுங்குவதற்கு மட்டும் தடைக்காலம் வரை காத்திருக்க வேண்டாம், அதை இன்றைக்கே செய்யலாம்.

ஒன்று விட்டுப்போயிற்று. கேனன் 2900 பிரிண்டர் வைத்திருப்பீர்கள், எந்த ஜெராக்ஸ் கடையில்தான் அது இல்லை! லினக்ஸில் அதை ஓட வைப்பது பெரும்பாடு, அதனால் மின்ட் மெஷினோடு சேர்க்க முயலாமல் விண்டோஸ் மெஷினிலேயே மாட்டி வையுங்கள். "புது மெஷின் வாங்குறீங்க, பிரிண்டரையும் மாத்திடுங்க" என்று கடைக்காரர் சொன்னால் மட்டும் கேட்காதீர்கள்.